நைட் டியூட்டி, ஆறிப்போன டிபன், தூங்காத பகல்: டாக்டர், நர்ஸ்களைத் தின்னும் 'பர்ன்அவுட்' என்றால் என்ன? புதுக்கோட்டையை வைத்து ஒரு விளக்கம்

காலை 8 மணி வாக்கில் புதுக்கோட்டை முள்ளூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பஸ் ஸ்டாப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு கூட்டம் இறங்கும், ஒரு கூட்டம் ஏறும். இறங்குகிறவர்கள் பையில் டிபன் பாக்ஸ் இன்னும் சூடாக இருக்கும். ஏறுகிறவர்களில் நைட் டியூட்டி முடித்தவர்களைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். சீட்டில் உட்கார்ந்த அடுத்த நிமிஷமே ஜன்னல் கம்பியில் தலை சாய்ந்திருக்கும். விடியல் பயண டிக்கெட் என்றாலும் இறங்குற ஸ்டாப்பைச் சொல்லணுமே, அதற்காக கண்டக்டர் தட்டி எழுப்ப வேண்டியிருக்கும்.

இது வெறும் தூக்கக் கலக்கம் என்றால் பிரச்சினை இல்லை. வீட்டுக்குப் போய் படுத்தால் சரியாகிவிடும். ஆனால் எவ்வளவு தூங்கினாலும் போகாத ஒரு சோர்வு இருக்கு. மறுபடி அந்த வார்டுக்குள் போகணுமே என்று நினைத்தாலே வயிற்றைப் பிசையும். நோயாளி வலியில் கத்தினாலும் மனசு அசையாது. "நான் என்னத்த செஞ்சு என்ன ஆகப் போகுது" என்று தோன்றும். இதற்குத்தான் 'பர்ன்அவுட்' என்று பெயர்.

டாக்டருக்கும் நர்ஸுக்கும் இது ஏன் வருது? அவங்க சாப்பாடு, தூக்கம், உடம்பை இது என்ன பண்ணுது? படுக்கையில் இருக்கிற நமக்கு இதனால் என்ன? விரிவாகப் பார்ப்போம்.

பர்ன்அவுட் ஒரு நோயா?

இல்லை. உலக சுகாதார அமைப்பு 2019 மே மாதம் இதைத் தெளிவுபடுத்தியது. நோய்களை வகைப்படுத்தும் அதன் 11-வது பட்டியலில் பர்ன்அவுட் இருக்கிறது. ஆனால் நோயாக அல்ல, 'வேலை சார்ந்த நிகழ்வு' என்ற கணக்கில். சரியாகக் கையாளப்படாத, நீண்டநாள் பணியிட அழுத்தத்தின் விளைவு என்பது அதன் விளக்கம். இந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள். ஒன்று, சக்தியெல்லாம் வற்றிப்போன களைப்பு. இரண்டு, வேலையில் இருந்து மனசு விலகிப்போவது. எதைப் பார்த்தாலும் எரிச்சல், நக்கல், வெறுப்பு. மூன்று, 'நான் உருப்படியா வேலை பார்க்கலை' என்ற எண்ணம்.

இதில் இரண்டாவதுதான் மருத்துவமனையில் ஆபத்தானது. "அந்த 14-ம் பெட் கேஸ்" என்று மனுஷனை நம்பராகப் பார்க்க ஆரம்பிப்பது அங்கேதான். கேட்டதற்கு முகம் கொடுத்துப் பேசாத சிஸ்டர், நிமிர்ந்து பார்க்காமலே சீட்டு எழுதும் டாக்டர்... நாம் எல்லோரும் இப்படி ஒருவரையாவது பார்த்திருப்போம், திட்டியும் இருப்போம். அவர்களில் சிலர் சுபாவத்திலேயே அப்படி இருக்கலாம். சிலர் 5 வருஷத்துக்கு முன்னால் அப்படி இல்லாதவர்கள்.

இன்னொரு விஷயம். பர்ன்அவுட் என்ற கருத்தே பிறந்தது ஒரு கிளினிக்கில்தான். 1970-களில் நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் சேவை செய்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், தன்னோடு ஆர்வமாக வேலைக்கு வந்தவர்கள் மெல்ல மெல்ல வறண்டு போவதைக் கவனித்தார். தனக்கும் அதேதான் நடக்கிறது என்பதை உணர்ந்து 1974-ல் எழுதினார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற ஆய்வாளர், சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து இதை அளக்க 22 கேள்விகள் கொண்ட படிவத்தை 1981-ல் வெளியிட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்க டாக்டர், நர்ஸ்களிடம் எடுக்கும் பெரும்பாலான ஆய்வுகளுக்கு அதுதான் அளவுகோல்.

புதுக்கோட்டையில் நிலைமை எப்படி?

மருத்துவத்தில் பெண்கள் என்று பேச ஆரம்பித்தாலே புதுக்கோட்டை பெயர் வந்துவிடும். 1886-ல் இங்கே பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் ஊர் இது. ஆனால் அந்தப் பெருமையுள்ள மாவட்டத்துக்கு சொந்தமாக ஒரு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது 2017 ஜூன் மாதம்தான். அதுவரை பெரிய கேஸ் என்றால் ஆம்புலன்ஸ் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ மதுரைக்கோ பறக்கும்.

கல்லூரி வந்தது மக்களுக்குப் பெரிய வரம். அதே நேரம், முன்பு 'ரெஃபர்' செய்து அனுப்பிய கேஸ்களில் பல இப்போது இங்கேயே நிற்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி 16 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள மாவட்டம். ஆலங்குடி, கறம்பக்குடி, பொன்னமராவதி, இலுப்பூர் என்று எங்கே விஷம் குடித்தாலும், பைக் மோதினாலும், பாம்பு கடித்தாலும் கடைசியில் கைகாட்டும் இடம் முள்ளூர். மணமேல்குடி, ஆவுடையார்கோவில் பக்கம் என்றால் நடுவில் அறந்தாங்கி.

இதோடு, வேறு மாவட்டத்து டாக்டர்களுக்கு இந்த அளவுக்கு இல்லாத ஒரு டியூட்டி இங்கே உண்டு: ஜல்லிக்கட்டு. தமிழ்நாட்டிலேயே வாடிவாசல்கள் அதிகம் உள்ள மாவட்டம் என்று பெயர் எடுத்தது புதுக்கோட்டை. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக கந்தர்வகோட்டை பக்கத்து தச்சன்குறிச்சியில்தான். 2019 ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கு மேற்பட்ட காளைகளை அவிழ்த்து விட்டார்கள். மாடுபிடி வீரர்களுக்கு முன்கூட்டியே உடல் பரிசோதனை, களத்தில் மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ் எல்லாம் விதிப்படி கட்டாயம். அந்தக் குழுவுக்கு ஆள் வானத்தில் இருந்து வருவதில்லை. ஏற்கெனவே ஓ.பி.யும் வார்டும் பார்க்கிற அதே டாக்டர், அதே நர்ஸ்தான். அவர்கள் களத்தில் இருக்கும் நாளில் அவர்களுடைய வார்டை யார் பார்ப்பது? மிச்சம் இருப்பவர்கள். குத்துப்பட்டவர்கள் வந்து சேர்வது எங்கே? அதே கேஷுவாலிட்டி. ஜனவரியில் தொடங்கி மே வரைக்கும் சீசன்.

டாக்டருக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் வேலை?

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு பயிற்சி டாக்டருக்கோ முதுநிலை மாணவருக்கோ வாரம் இரண்டு நாள் 24 மணி நேர டியூட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 48 மணி நேரம். மீதி நான்கு நாள் தலா 8 மணி நேரம் என்றால் 32. மொத்தம் 80. இதில் டியூட்டி முடிந்த மறுநாள் காலை 'ரவுண்ட்ஸ் முடிச்சுட்டுப் போ' என்று நிறுத்தி வைக்கும் மணிகள் சேரவில்லை.

விதி என்ன சொல்கிறது? 1992-ல் மத்திய அரசு கொண்டுவந்த பயிற்சி மருத்துவர்களுக்கான திட்டம், தொடர் பணி சாதாரணமாக ஒரு நாளில் 12 மணி நேரத்தையும் வாரத்தில் 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்றது. முப்பது வருஷம் ஓடிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையம் 2023 கடைசியில் வெளியிட்ட முதுநிலை விதிகளில் 'நியாயமான வேலை நேரம், நியாயமான ஓய்வு' என்று மட்டும் இருக்கிறது. எத்தனை மணி நேரம் நியாயம்? நம்பர் இல்லை. நம்பர் இல்லாத விதியை யாரும் மீற முடியாது என்பதுதான் அதில் உள்ள வசதி.

2024-ல் அதே ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு நம்பரைச் சொன்னது. வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும், தினமும் 7 முதல் 8 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது பரிந்துரை. அந்தக் குழுவின் ஆன்லைன் ஆய்வில் 5,337 முதுநிலை மாணவர்கள் பங்கேற்றார்கள். 15.3 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பது கண்டறியப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். இளநிலை மாணவர்களில் அது 27.8 சதவீதம்.

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் டியூட்டியில் இருந்த இளம் பெண் டாக்டர் கொல்லப்பட்டபோது, அவர் 36 மணி நேர டியூட்டியில் இருந்தார் என்ற தகவல் நாட்டையே உலுக்கியது. அந்த வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றமும் இப்படி 36 மணி நேரம் வேலை வாங்குவது மனிதத்தன்மையற்றது என்று கவலை தெரிவித்தது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு அதற்கு முன்பே எழுந்துவிட்டது. 2019 அக்டோபர் 25-ம் தேதி அரசு டாக்டர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நவம்பர் 1-ம் தேதி முடித்துக்கொண்டார்கள். சம்பள உயர்வுதான் தலைப்புச் செய்தியாச்சு. ஆனால் கோரிக்கைகளில் இன்னொன்றும் இருந்தது: வருகிற நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப டாக்டர் பணியிடம் வேண்டும் என்பது. பர்ன்அவுட் பற்றிய விவாதத்தின் மையமே அந்த ஒற்றை வரிதான் என்பது நம் கருத்து. மருத்துவக் கல்லூரிக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும் என்ற கணக்கு வேறு. வாசலில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்ற கணக்கு வேறு.

ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு 1 நர்ஸ் என்பார்கள். இதைக் கேட்டுவிட்டு, எந்த நேரமும் மூன்று படுக்கைக்கு ஒரு சிஸ்டர் நிற்பார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்த கணக்கு அது. ஒரு ஷிஃப்டுக்கு என்று பார்த்தால் 9 நோயாளிக்கு 1 நர்ஸ். இதோடு, லீவு போடுகிறவர்களுக்குப் பதிலாக 30 சதவீதம் கூடுதல் ஆள் வைத்திருக்கணும்.

அதாவது 30 படுக்கை வார்டுக்கு 10 நர்ஸ், லீவுக்கு 3 பேர், ஆக 13 பேர். அப்போதுதான் ஒவ்வொரு ஷிஃப்டிலும் மூன்று பேர் நிற்க முடியும். நீங்கள் கடைசியாக அரசு மருத்துவமனையிலோ, ஏன், ஒரு தனியார் மருத்துவமனையிலோ அட்டெண்டராக ராத்திரி தங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். வார்டில் எத்தனை பேர் இருந்தார்கள்?

அந்த 30 சதவீத லீவு ஆள் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் உடைப்பு விழுவது அங்கேதான். ஒரு நர்ஸின் பிள்ளைக்கு காய்ச்சல் வந்து லீவு போட்டால், மதியம் ஷிஃப்ட் முடித்த நர்ஸ் ராத்திரியும் தொடர வேண்டியதுதான். மறுபடி லீவு கேட்கவே அவருக்குக் கூச்சம் வந்துவிடும். காய்ச்சலோடு டியூட்டிக்கு வருவார். இது இப்படியே சுத்திக்கிட்டே இருக்கும்.

சம்பளமும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தேர்வு எழுதி 2015-ல் அரசு வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கான நர்ஸ்களுக்கு முதலில் கிடைத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் ஆகும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள். நிரந்தரம் ஆகாமல், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். தொகுப்பூதியம் பின்னர் படிப்படியாக உயர்ந்தது. ஆனால் நிரந்தர நர்ஸும் ஒப்பந்த நர்ஸும் ஒரே வார்டில் ஒரே ஊசியைப் போட்டு, வேறு வேறு சம்பளம் வாங்கும் நிலை தொடர்ந்தது. மாஸ்லாக்கும் அவரோடு ஆய்வு செய்த மைக்கேல் லெய்ட்டரும் பர்ன்அவுட்டுக்கு ஆறு காரணங்களைச் சொல்கிறார்கள்: வேலைச்சுமை, தன் வேலை மீது தனக்கு அதிகாரம் இல்லாதது, உழைப்புக்கேற்ற பலன் இல்லாதது, சக ஊழியர் உறவு, நியாயமின்மை, மனசாட்சிக்கு முரணான வேலை. சுமை அதில் ஒன்றுதான். நியாயமில்லை என்ற உணர்வும் ஆளை அதே அளவு எரிக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நர்ஸ்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். ராத்திரி 12 மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு ஷிஃப்ட். பிள்ளையை ஸ்கூலுக்குக் கிளப்பணும், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கணும், மதியத்துக்கு உலை வைக்கணும். "பகல்ல வீட்லதானே இருக்க" என்று உறவுக்காரர்கள் விசேஷத்துக்குக் கூப்பிடுவார்கள். பகலில் அவர் வீட்டில் இருப்பது தூங்குவதற்காக என்பது வீட்டில் பாதிப் பேருக்கே புரிவதில்லை.

சாப்பாடு, தூக்கம், உடம்பு: என்ன ஆகிறது?

உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கு. அது சூரிய வெளிச்சத்தை வைத்து ஓடுவது. ராத்திரி சர்க்கரையைக் கையாளும் திறனை உடம்பு குறைத்துக்கொள்ளும். பகலில் சாப்பிட்டால் சமாளித்துவிடும் அதே அளவு சோறு, நடுராத்திரி 1 மணிக்கு சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரையைக் கூடுதல் நேரம் ஏற்றி வைக்கும். நைட் டியூட்டியில் சாப்பிடுவது எப்போது? கூட்டம் குறையும்போது. அது பெரும்பாலும் 1 மணிக்கு மேல்தான். என்ன சாப்பிடுவது? வீட்டில் இருந்து கொண்டுவந்தது ஆறிப்போயிருக்கும். வெளியே பரோட்டாவும், புதுக்கோட்டைக்கே உரிய முட்டை மாஸும் சூடாக இருக்கும். முட்டை மாஸ் மேல் நமக்கு எந்தக் கோபமும் இல்லை. அதை சாப்பிடும் நேரத்தைத்தான் சொல்கிறோம்.

அமெரிக்காவில் பெண் நர்ஸ்களை பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதன் அடிப்படையில் 2011-ல் வந்த கட்டுரை, மாறி மாறி நைட் ஷிஃப்ட் பார்த்த வருஷங்கள் கூடக் கூட, டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடுவதைக் காட்டியது. நம் ஊரில் இதை இன்னும் கவனமாகப் பார்க்கணும். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் 11.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். ஏற்கெனவே சர்க்கரைக்கு ஆளாகக்கூடிய உடம்புகள், அதன் மேல் நைட் டியூட்டி.

புற்றுநோய் பற்றியும் கேட்பீர்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை 2007-ல் 'புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பிரிவில் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்து, இரவுப் பணியை அதே பிரிவில் வைத்தது. இதனால் நைட் டியூட்டி பார்க்கிற எல்லோருக்கும் வரும் என்று பயப்பட வேண்டாம். ஆதாரம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைச் சொல்லும் பிரிவு இது. ஆபத்து எத்தனை மடங்கு என்று சொல்வது இல்லை.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போகணும், போனால் வார்டை யார் பார்ப்பது என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பது. அதனால் வரும் சிறுநீர்த் தொற்று. மணிக்கணக்கில் நின்று காலில் சுருண்டு புடைக்கும் நரம்பு. (2021-ல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தி ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்தது. நல்ல சட்டம். வார்டில் நாற்காலி இருக்கு, உட்காரத்தான் நேரம் இல்லை.) தூக்கத்தை விரட்ட டீ மேல் டீ. பிறகு தூக்கம் வராமல், தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும் மாத்திரை. மருந்து கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது இந்தத் தொழிலின் தனி ஆபத்து.

வேடிக்கை என்னவென்றால், ஓ.பி.யில் உட்கார்ந்து "வேளாவேளைக்கு சாப்பிடுங்க, தினம் 45 நிமிஷம் நடங்க, நல்லா தூங்குங்க" என்று நாள் பூராவும் சொல்கிற டாக்டருக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடைப்பதில்லை. தெரியாமல் இல்லை. டியூட்டி சார்ட்டில் இடம் இல்லை.

வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிட பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் அடைப்பால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று 2021-ல் உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து சொன்னன. மேலே போட்ட கணக்கில் நம்ம டாக்டர் 80 மணி நேரத்தில் நின்றார்.

நோயாளிக்கு இதனால் என்ன?

நேரடியாகவே பாதிப்பு இருக்கு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 0.03. அதாவது 17 மணி நேரம் விழித்திருப்பவர், குடித்துவிட்டு வண்டி ஓட்டி போலீஸிடம் மாட்டுபவரைவிட மோசமான நிலையில் இருக்கலாம். அவர் கையில் ஊசி இருக்கிறது, அல்லது கத்தி.

அமெரிக்காவில் 2004-ல் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், பயிற்சி டாக்டர்களின் நீண்ட டியூட்டியை வெட்டிப் பார்த்தார்கள். பழைய முறையில் வேலை பார்த்தபோது, வெட்டிய முறையைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான மருத்துவத் தவறுகள் நடந்திருந்தன. அடுத்த ஆண்டு அதே குழு இன்னொன்றைக் கண்டுபிடித்தது. 24 மணி நேரமோ அதற்கு மேலோ டியூட்டி பார்த்துவிட்டு வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும் பயிற்சி டாக்டர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். முள்ளூரில் இருந்து டூ வீலரில் டவுனுக்குத் திரும்புகிறவர்கள் இதைக் கவனிக்கணும்.

நர்ஸ் எண்ணிக்கைக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பைச் சொன்னது லிண்டா எய்க்கன் குழுவின் 2002 ஆய்வு. பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகள், 10,000-க்கு மேற்பட்ட நர்ஸ்கள், 2.3 லட்சம் அறுவை சிகிச்சை நோயாளிகள். ஒரு நர்ஸ் கையில் ஒரு நோயாளி கூடினால், நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. அதே ஒரு நோயாளியால் நர்ஸுக்கு பர்ன்அவுட் வரும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. ஒரே சுமைதான், நர்ஸையும் நோயாளியையும் சேர்த்தே அழுத்துகிறது.

கோபமும் இங்கேதான் வெடிக்கிறது. காத்திருந்து காத்திருந்து நொந்த உறவினர் ஒரு பக்கம், பேசக்கூட தெம்பில்லாத டாக்டர் மறுபக்கம். டாக்டர், நர்ஸ் மீது கை வைத்தால் தண்டிக்க தமிழ்நாட்டில் 2008 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. இருந்தும் 2024 நவம்பர் 13-ம் தேதி சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஓ.பி. அறைக்குள்ளேயே புற்றுநோய் டாக்டர் ஒருவரை, நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். அதற்குப் பிறகு வாசலில் காவல் கூடியது. 'அடுத்தது யார்' என்ற பயத்தோடு ஓ.பி.யில் உட்காருவதும் பர்ன்அவுட்டுக்கு விறகுதான்.

யோகா செய்தால் சரியாகிவிடுமா?

கொஞ்சம் உதவும். அதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் டாக்டர்களின் பர்ன்அவுட்டைக் குறைக்க எடுத்த முயற்சிகளை எல்லாம் சேர்த்து அலசி 2017-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு என்ன சொல்கிறது? தனி ஆளுக்குக் கொடுக்கும் தியானம், மனப்பயிற்சி போன்றவற்றைவிட, டியூட்டி நேரம், சுமை போன்றவற்றை நிர்வாகமே மாற்றும் முயற்சிகள் அதிகப் பலன் தந்தன என்கிறது. 80 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, 81-வது மணியில் 'மன அழுத்தத்தை வெல்வது எப்படி' என்று கூட்டம் போட்டு உட்கார வைத்தால் அதுவும் ஒரு டியூட்டிதான்.

பெரிய செலவில்லாமல் மாற்றக்கூடியவை இருக்கின்றன. ஷிஃப்ட் மாறும் வரிசை அதில் ஒன்று. காலை, பிறகு மதியம், பிறகு ராத்திரி என்று முன்னோக்கிப் போனால் உடம்பு ஓரளவு ஒத்துப்போகும். ராத்திரியில் இருந்து மதியம், மதியத்தில் இருந்து காலை என்று பின்னோக்கிப் போட்டால் தூக்கம் அறுந்துகொண்டே இருக்கும். தொடர்ந்து நைட் போடுவதை இரண்டு, மூன்று ராத்திரியோடு நிறுத்தலாம் என்பது ஷிஃப்ட் வேலை நிபுணர்களின் பொதுவான அறிவுரை. நம் ஊரில் ஒரு வாரம் முழுக்க நைட் போடும் பழக்கமும் உண்டு. 'மொத்தமா முடிச்சுட்டா நிம்மதி' என்று ஊழியர்களே கேட்டு வாங்குவதும் உண்டு. ராத்திரி சூடாக சாப்பாடு கிடைக்கும் ஒரு கேன்டீன், 20 நிமிஷம் படுக்க ஒரு சுத்தமான அறை, பூட்டுப் போட்ட கழிவறை... இதெல்லாம் ஆடம்பரம் இல்லை. டியூட்டி சார்ட்டை ஒரு மாதம் முன்பே ஒட்டிவிட்டால் பாதி சண்டை வராது.

சார்ட் மாறும்வரை நைட் டியூட்டி பார்க்கிறவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கு. முக்கியச் சாப்பாட்டை டியூட்டிக்குப் போகும் முன்பே முடித்துவிட்டு, நடுராத்திரிக்கு சுண்டல், பழம், மோர் மாதிரி லேசாக வைத்துக்கொள்ளலாம். கடைசி டீயை, படுக்கப்போகும் நேரத்துக்கு 6 மணி நேரம் முன்பே நிறுத்திவிடணும். காலை 9 மணிக்குப் படுப்பீர்கள் என்றால் 3 மணிக்கு மேல் டீ வேண்டாம். வீடு திரும்பும்போது கூலிங் கிளாஸ் போட்டால், வெயில் பட்டு உடம்பு 'விடிஞ்சாச்சு' என்று முழித்துக்கொள்வது குறையும். அறையை இருட்டாக்கி, போனை சைலன்ட்டில் போட்டுத் தூங்கணும். 24 மணி நேர டியூட்டி முடித்துவிட்டு வண்டியை எடுக்காதீர்கள், பஸ்ஸில் போங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவங்க தூங்குற அந்த 6 மணி நேரம் காலிங் பெல்லையும் குக்கர் விசிலையும் கொஞ்சம் பார்த்துக்கங்க.

எப்போது உதவி கேட்கணும்?

நாலு நாள் லீவு போட்டும் தெளியவில்லை, வேலை மட்டுமில்லாமல் பிள்ளைகள், சினிமா, சாப்பாடு எதுவுமே பிடிக்கவில்லை, சாகணும் போல எண்ணம் வருகிறது என்றால் அது பர்ன்அவுட்டைத் தாண்டிவிட்டது. மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, பலன் தரும். டாக்டர், நர்ஸ்கள் இதில் ரொம்பத் தயங்குவார்கள். கூட வேலை பார்ப்பவரிடமே போய் நோயாளியாக உட்காரணும், ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயம். மாவட்டத் தலைநகரில் இந்தப் பயம் நியாயமானதும்கூட. அதனால்தான் போனில் பேசுவது சுலபமான முதல் படி.

14416 என்பது டெலி மானஸ் இலவச எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவையும் 2022 முதல் இதே எண்ணில்தான். 104 சுகாதார உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். தற்கொலை எண்ணம் இருந்தால் சென்னை சிநேகா அமைப்பை 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம். மருத்துவ மாணவர் என்றால், அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'மனம்' மன்றம் உங்கள் கல்லூரியில் யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.